நிறுவைக்கு வராத இரத்தம்

மலைச்சரிவில் மருத்துவம்: தொடர் – 19

பூனாகலையில் பின்னேரக் கொழுந்து நிறுக்கிற நேரத்தில் மடுவத்தில் பேச்சுச் சத்தம் குறைந்துவிடும். கொக்கியில் சாக்கு ஏறியதும் வரிசையில் நிற்கிற அத்தனை பெண்களின் கண்ணும் தராசு முள்ளின் மேல்தான் இருக்கும். கணக்கப்பிள்ளை எண்ணை வாய்விட்டுச் சொல்லுவார். சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று கொஞ்சம் கழிப்பார். மிச்சம் துண்டில் ஏறும். கழித்தது கூடிப்போனால் அங்கேயே ஒரு முணுமுணுப்பு எழும். அடுத்த நாள் பெரட்டு வரைக்கும் அது ஓயாது. தலைமுறை தலைமுறையாக இந்த நிறுவை நடக்கிறது. ஒரு பெண் ஒரு நாளில் எவ்வளவு கொழுந்து எடுத்தாள் என்பதற்குத் தோட்டத்தில் எழுத்துக் கணக்கு உண்டு. அதே பெண் லயத்துக் காம்பராவில் பிள்ளை பெற்ற இரவில் அவள் உடம்பிலிருந்து எவ்வளவு இரத்தம் போனது என்பதற்கு எந்தக் கணக்கும் இருந்ததில்லை.

சென்ற வாரம் 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டத்தோடு நிறுத்தியிருந்தோம். டிஸ்பென்சரிகள் எப்படி வந்தன, மருந்துக்காரர் என்ற மனிதர் தோட்டத்தில் என்ன இடம் பிடித்தார் என்று பார்த்தோம். இந்த வாரம் டிஸ்பென்சரியை விட்டு லயத்துக்குள் போக வேண்டியிருக்கிறது.

என் அம்மாயி ஊருக்குப் பிள்ளை எடுத்தவர். படித்த மருத்துவ மாது அல்ல. கை பழகிய மருத்துவச்சி. அவருக்குத் தெரிந்த அளவை சீலைதான். "ரெண்டு சீல நனையிற வரைக்கும் பயமில்லடா. மூணாவது சீல எடுங்கன்னு சொல்ற நேரந்தான் அடிவயிறு கலங்கும்" என்பார். அந்த மூன்றாவது சீலையை அவர் கேட்டது தன் கூடப்பிறந்த தங்கச்சிக்காக. தலைப்பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. நச்சுக்கொடியும் விழுந்தது. அடிவயிற்றைத் தடவிப் பார்த்தால் கல்லுப்போல இறுகியிருக்க வேண்டிய கருப்பை பிசைந்த மாவாகக் கிடந்தது. இரண்டு கழிகளில் கம்பளியைக் கட்டி, நாலு பேர் தூக்கி, மேட்டு லயத்திலிருந்து ரோட்டுக்கு இறக்கினார்கள். வழி முழுக்க ஆள் மாற்றி ஆள் லாந்தர் பிடித்தார்கள். ரோட்டில் கொழுந்து லொறி இல்லை. அது வந்து சேர்ந்தபோது தேவை இருக்கவில்லை. அந்தப் பிள்ளையை அம்மாயிதான் தன் பிள்ளையோடு சேர்த்துப் பால் கொடுத்து வளர்த்தார். வீட்டில் இந்தக் கதையை யாரும் முழுதாகச் சொல்லமாட்டார்கள். அம்மாயி ஒரு தடவை சொன்னார். சொல்லி முடித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: "அதே அளவு ரத்தம் போயும் கணக்கப்பிள்ளை வீட்டம்மா பொழச்சாங்களே, அது எப்படி?"

மருத்துவ ஆராய்ச்சியின் நூறு வருடக் கதையை அந்தக் கேள்விக்குள் அடக்கிவிடலாம்.

நிறைமாதத்தில் கருப்பைக்கு ஓடுகிற இரத்தம் நிமிடத்துக்கு அரை லீட்டருக்கும் அதிகம். நச்சுக்கொடி பிரிந்தவுடன் அந்தக் குழாய்களின் வாய் திறந்து கிடக்கும். அவற்றை மூடுவது கருப்பைத் தசைதான். சுருங்கி, குழாய்களை நெரித்து, அடைத்துவிடும். அது சுருங்காமல் தளர்ந்துபோனால் சில நிமிடங்களில் ஒரு பெண் போய்விடலாம். அரை லீட்டர் போனாலே ஆபத்து என்று உலக சுகாதார நிறுவனம் கோடு போட்டு வைத்திருக்கிறது. ஆனால் அந்தக் கோடு எல்லா உடம்புக்கும் ஒன்றல்ல. நல்ல இரத்தம் உள்ளவள் ஒரு லீட்டர் இழந்தும் எழுந்து உட்காருவாள். சோகை பிடித்தவளுக்கு அரை லீட்டரே போதும். அம்மாயியின் தங்கச்சி காம்பராவில் படுக்கும்போதே அவள் உடம்பில் பாதிக் கணக்குத்தான் இருந்தது.

மீதியைக் குடித்தது கொக்கிப்புழு.

தோட்டத்து மண்ணுக்கு அந்தப் புழு மிகவும் உகந்தது. ஈரம், நிழல், வெறுங்கால். கழிப்பறை இல்லாத லயங்களில் சனங்கள் மலைக்கும் கானுக்கும் போனார்கள். மறுநாள் அதே மண்ணில் வெறுங்காலோடு கூடை சுமந்தார்கள். விரலிடுக்கில் அரிப்பாகத் தொடங்கி, தோலைத் துளைத்து, இரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டு, கடைசியில் குடல் சுவரில் பல்லைப் பதித்துக்கொள்ளும். ஒரு புழு நாளுக்குக் குடிப்பது ஒரு துளிகூட இல்லை. நூறு புழு இருந்தால் மாதத்துக்கு ஒரு சின்னத் தேத்தண்ணிக் கிளாஸ் அளவு. அப்படிப் பத்து வருடம். அதன் மேல் ஒரு கர்ப்பம். பிள்ளைக்கும் நச்சுக்கொடிக்கும் தாய்க்குமாகச் சேர்த்துக் கிட்டத்தட்ட ஒரு கிராம் இரும்பு கேட்கிற கர்ப்பம். மரவள்ளிக்கிழங்கும் ரொட்டியும் தேத்தண்ணியும் அந்த இரும்பை எங்கிருந்து தரும்? போதாததற்கு, சாப்பாட்டோடு குடிக்கிற தேத்தண்ணியே உணவிலுள்ள இரும்பு உடம்பில் சேர்வதைத் தடுக்கும். தேயிலை பறித்தவளுக்கு இது இன்னொரு கழிவு.

ஊவாக்காரர்கள் மறக்கக்கூடாத ஒரு விபரம் இந்த இடத்தில் வருகிறது. 1869இல் கோப்பி இலையில் துருப்போலப் படர்ந்த நோய் இலங்கையில் முதன்முதலில் கண்டறியப்பட்டது நம் மடுல்சீமையில்தான். அந்த இலை நோயை ஆராய 1880இல் இங்கிலாந்திலிருந்து ஹரி மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளரை அரசாங்கம் வரவழைத்தது. இரண்டு வருடம் அவர் இந்த மலைகளில் இலையை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்து, பூஞ்சையின் வாழ்வை வித்திலிருந்து எழுதினார். அருமையான ஆய்வு, அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அதே மலைகளில் கூலிப் பெண்களின் இரத்தத்தைக் குடிக்கிற புழுவைக் கண்ணாடிச் சில்லில் வைத்துப் பார்க்க ஓர் ஆள் வருவதற்கு இன்னும் முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஆனது. இந்த இடைவெளியை எழுதும்போது கை கொஞ்சம் தயங்குகிறது.

அந்த ஆள் ராக்ஃபெல்லர் நிதியத்தின் கொக்கிப்புழு இயக்கத்தோடு வந்தார். 1916இல் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் வேலை தொடங்கியது. மலத்தைச் சோதித்தபோது தொழிலாளரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் புழு இருந்தது. செனோபோடியம் எண்ணெயைக் கொடுத்துப் புழுவை வெளியேற்றினார்கள். கசப்பும் குமட்டலும் தலைச்சுற்றலுமாக அது ஒரு கொடிய மருந்து, கர்ப்பிணிக்கு ஆகாது. அதாவது யாருக்கு இரத்தம் மிக அவசரமாகத் தேவையோ அவளுக்கு அந்த மருந்து இல்லை. புழு போனவர்களுக்கும் அதே மண்ணில் அதே வெறுங்கால். கழிப்பறை கட்டுங்கள் என்று இயக்கத்தார் கேட்டார்கள். செலவு என்று சொல்லி இழுத்தடித்த துரைமார் ஏராளம். மருந்து கொடுப்பது ஒரு நாள் வேலை, கக்கூசு கட்டுவது முதலீடு. இரண்டில் எது நடந்தது என்று சொல்லத் தேவையில்லை.

கர்ப்பிணியின் சோகையைத் தனியாக எடுத்து ஆராய்ந்தது பம்பாயில். 1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், ஆலைத் தொழிலாளப் பெண்கள் பிரசவ காலத்தில் கொத்துக் கொத்தாகச் சாகக் காரணமான ஒரு சோகையைத் தேடி அங்கே வந்தார். கிருமியா என்று பார்த்தார், இல்லை. அவர்கள் வீட்டுச் சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். வசதியான வீட்டுப் பெண்களுக்கு வராத சோகை, தீட்டிய அரிசியும் ரொட்டியுமாகக் காலம் தள்ளுகிற பெண்களுக்கு வந்தது. நோய் உணவில் இருந்தால் மருந்தும் உணவில் இருக்க வேண்டும் என்று தேடி, கடைசியில் மலிவான ஒரு ஈஸ்ட் சாரத்தில் அதைக் கண்டார். 1931இல் அதை எழுதி வெளியிட்டார். அந்தச் சாரம், நம் வீடுகளில் இன்றும் கறுப்புப் போத்தலில் இருக்கிற மார்மைட். 1934–35இல் மலேரியாக் கொள்ளைநோய் இலங்கையில் பல்லாயிரம் பேரைக் கொண்டுபோனபோது, சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் மார்மைட்டை மாத்திரைபோல உருட்டி, வெதமாத்தயாவின் (நாட்டு வைத்தியரின்) குளிகை என்று சொல்லிச் சனங்களுக்குக் கொடுத்தார்கள். இந்தத் தீவின் நாக்கில் மார்மைட் ஒட்டிக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஈஸ்ட்டில் இருந்த அந்தச் சத்தின் பெயர் போலிக் அமிலம். 1945இல் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் அதைச் செயற்கையாகத் தயாரித்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த தெலுங்கர். பம்பாய் ஆலைப் பெண்ணின் சட்டியில் தொடங்கிய தேடல், சென்னையில் படித்த ஒருவரின் கையால் மாத்திரையானது. பூனாகலைக் கர்ப்பிணியின் கிளினிக் உறையில் இன்று இருக்கிற மாத்திரை அதுதான்.

1930களில் இலங்கையில் ஒரு இலட்சம் உயிர்ப் பிறப்புக்கு 2,000க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். இன்று அந்த எண் 30ஐ ஒட்டி நிற்கிறது. நம்மைப்போன்ற வசதி குறைந்த நாடுகளில் இப்படி ஓர் இறக்கம் அபூர்வம். உலக வங்கியே மலேசியாவையும் இலங்கையையும் பாடமாக வைத்து 2003இல் ஒரு நூல் போட்டது. பயிற்சி பெற்ற மருத்துவ மாதுகள், மலேரியா ஒழிப்பு, 1936க்குப் பிறகு பிரசவக் காய்ச்சலை அடக்கிய சல்ஃபா மருந்து, அதற்குப் பின் பென்சிலின், இலவச வைத்தியசாலை என்று ஒவ்வொன்றும் அதில் பங்கு கொண்டது. 1939இல் பேறுகால நன்மைகள் சட்டமும் வந்தது. ஆனால் இந்த இறக்கம் தோட்டத்துக்குள் மெதுவாகத்தான் ஏறி வந்தது. கிராமத்து மருத்துவ மாது அரசாங்க ஆள். தோட்டத்துச் சுகாதாரம் கம்பெனியின் பொறுப்பாக இருந்தது. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட சனத்துக்கு அரசாங்க மருத்துவ மாது எதற்கு என்று கேட்ட காலமும் இருந்தது. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையான பிறகே குடும்ப நலச் சேவை லயத்துக் கதவைத் தட்டத் தொடங்கியது. அதற்கு இடையில் 1973, 74இன் பஞ்சம் வேறு. அந்த வருடங்களைப் பற்றிப் பேசினால் இன்றும் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள்.

1980களில் தாய் மரணம் ஒவ்வொன்றையும் அறிவிக்க வேண்டும் என்பது கட்டாயமாயிற்று. என் கணக்கில் இலங்கையின் மிகப் பெரிய மருத்துவ ஆய்வு அதுதான். அதற்கு ஆய்வு என்ற பெயர் இல்லை. ஆனால் ஒரு தாய் இறந்தால் வீட்டுக்குப் போய் விசாரிக்கிறார்கள், வைத்தியசாலையில் விசாரிக்கிறார்கள், பிறகு மாவட்டத்தில் கூடி, எந்த மணிக்கு எது தவறியது என்று நிமிடக் கணக்கில் பார்க்கிறார்கள். ஆளைத் தண்டிக்க அல்ல, அடுத்தவளைக் காப்பாற்ற. 1994இல் தடியஸ், மெயின் என்ற இரு ஆய்வாளர்கள் தாய் மரணத்துக்கு மூன்று தாமதங்கள் காரணம் என்று எழுதினார்கள்: போகலாம் என்று முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், போன இடத்தில் சரியான சிகிச்சை கிடைப்பதில் தாமதம். பூனாகலையில் பிறந்தவனுக்கு அதைப் படித்து விளங்கிக்கொள்ள வேண்டியதில்லை. கணவன் வெளியூரில் இருக்க மாமியார் "விடியட்டும்" என்று சொல்வது முதலாவது. கொஸ்லந்தைப் பக்கம் இறங்குவதா, பண்டாரவளைக்கு ஏறுவதா என்று பார்த்து, எந்தப் பக்கம் மண் சரிந்திருக்கிறது என்று விசாரிப்பது இரண்டாவது. 2014இல் மீரியபெத்தையும் 2023 மார்ச்சில் கபரகலையும் சரிந்த மலை இது. மழை இரவில் ரோடு இருக்குமா என்பதே இங்கே மருத்துவக் கேள்விதான். மூன்றாவது, தியத்தலாவைக்குப் போய், அங்கிருந்து பதுளைக்கு அனுப்பப்படுகிற நேரம்.

இப்போது அம்மாயியின் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொன்ன ஆய்வுக்கு வருவோம். அது நம்மைப் பற்றியது. 1994இல் சுனேத்ரா அத்துக்கோரளவும் அவருடைய குழுவினரும் அமெரிக்க மருத்துவ ஊட்டச்சத்துச் சஞ்சிகையில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். களம் இலங்கைப் பெருந்தோட்டங்கள். ஆட்கள் தோட்டத்துக் கர்ப்பிணிகள். இரும்பும் போலிக் அமிலமும் மட்டும் கொடுத்தால் இரத்தம் எவ்வளவு ஏறுகிறது, அதோடு பூச்சி மாத்திரையும் கொடுத்தால் எவ்வளவு ஏறுகிறது? விடை தெளிவு. இரும்பு மாத்திரை வேலை செய்கிறது. புழுவையும் வெளியேற்றினால் இன்னும் நன்றாக வேலை செய்கிறது. ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதற்கு முன் ஓட்டையை அடை என்று எந்தப் பாட்டியும் சொல்லியிருப்பாள். ஆனால் கர்ப்பிணிக்குப் பூச்சி மருந்து கொடுக்க உலகமே பயந்துகொண்டிருந்த நேரம் அது. எண் இல்லாமல் யாரும் நகரமாட்டார்கள்.

அடுத்த எண்ணும் இலங்கையிலிருந்தே வந்தது. களனிப் பல்கலைக்கழகத்தின் நிலாந்தி டி சில்வாவும் அவருடைய குழுவினரும் வைத்தியசாலைகளில் பிள்ளை பெற்ற 7,087 பெண்களை எடுத்துக்கொண்டார்கள். கர்ப்ப காலத்தில் மெபெண்டசோல் குடித்தவர்கள் எத்தனை, குடிக்காதவர்கள் எத்தனை, பிள்ளைகள் எப்படிப் பிறந்தார்கள்? 1999இல் லான்செட் சஞ்சிகையில் முடிவு வந்தது. பெரிய பிறவிக் குறைபாடு குடித்தவர்களின் பிள்ளைகளில் நூற்றுக்கு 1.8, குடிக்காதவர்களின் பிள்ளைகளில் 1.5, இந்த வித்தியாசத்தைப் பொருட்படுத்தத் தேவையில்லை. ஆனால் செத்துப் பிறந்தவையும் பிறந்த கையோடு இறந்தவையும் சேர்த்து, மாத்திரை குடித்தவர்களிடம் நூற்றுக்கு 1.9, குடிக்காதவர்களிடம் 3.3. மிக எடை குறைந்த பிள்ளைகளும் பாதியளவுக்குக் குறைவு. இது குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த சோதனை அல்ல என்பதால் முழுப் பெருமையையும் மாத்திரைக்கே கொடுக்க ஆய்வாளர்கள் அவசரப்படவில்லை. முதல் மூன்று மாதத்தில் கொடுக்கக்கூடாது என்ற எச்சரிக்கையும் நிற்கிறது. ஆனாலும் 1916இல் மாத்தளையில் "கர்ப்பிணிக்கு இல்லை" என்று மூடிய கதவு எண்பத்து மூன்று வருடம் கழித்துத் திறந்தது. கிளினிக்கில் மிஸ்ஸி ஒரு மாத்திரையைக் கையில் வைத்து "இப்பவே குடிங்க, நான் பார்க்கணும்" என்று சொல்லும்போது அதற்குப் பின்னால் இவ்வளவு கதை இருக்கிறது என்பது அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

இதெல்லாம் இரத்தம் போவதற்கு முன். போகத் தொடங்கிய பிறகு?

அம்மாயியின் சீலைக் கணக்கைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஏனென்றால் பட்டம் பெற்றவர்களும் கண்ணால்தான் மதிப்பிட்டார்கள். அதுவும் குறைத்தே மதிப்பிட்டார்கள். கர்நாடகத்தின் பெல்காம் மருத்துவக் கல்லூரியில் இதற்கு ஒரு எளிய வழி கண்டார்கள். பிரசவித்தவளின் இடுப்புக்குக் கீழே விரிக்கிற ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. அதன் நுனி புனல்போல ஒடுங்கி ஒரு பையாகும். பையில் மில்லிலீட்டர் கோடுகள் அச்சடிக்கப்பட்டிருக்கும். கண் மதிப்பீட்டையும் விரிப்பையும் ஒப்பிட்டபோது கண் மூன்றில் ஒரு பங்கைத் தவறவிட்டிருந்தது. அந்த விரிப்பை வைத்துக்கொண்டே கிராமத் தாதிமார் 1,620 பெண்களிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். கருப்பையைச் சுருக்குகிற மிசோபுரோஸ்டால் மாத்திரை வாயால் கொடுத்தபோது பெரும்போக்கு, அதாவது அரை லீட்டரை எட்டுகிற இரத்தப்போக்கு, நூற்றுக்கு 12இலிருந்து 6.4ஆக இறங்கியது. 2006இல் அது வெளியானது. வைத்தியர் இல்லாத இடத்தில், ஊசி இல்லாமல், குளிர்பெட்டி இல்லாமல்.

மடுவத்துத் தராசு ஒருவழியாகப் பிரசவ அறைக்கு வந்துவிட்டது என்று அந்த ஆய்வைப் படித்தபோது எனக்குத் தோன்றியது. 2023இல் அந்த எண்ணம் உறுதியானது. கென்யா, நைஜீரியா, தென்னாபிரிக்கா, தன்சானியா ஆகிய நாடுகளில் 80 வைத்தியசாலைகள், 210,132 பெண்கள். பாதி வைத்தியசாலைகளில் கோடு போட்ட விரிப்பால் அளந்தார்கள். அளவு தாண்டியதும் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திராமல், கருப்பையைத் தடவிவிடுவது, சுருக்குகிற மருந்து, உறைந்த இரத்தம் கரையாமல் காக்கிற மருந்து, சேலைன், கிழிசல் இருக்கிறதா என்ற பரிசோதனை என்று எல்லாவற்றையும் ஒரேயடியாகச் செய்தார்கள். மற்றப் பாதியில் வழமைபோல. வழமையான இடங்களில் பெரும்போக்கில் பாதியை யாரும் கண்டுகொள்ளவே இல்லை. நூற்றுக்கு 51தான் கண்ணில் பட்டது. அளந்த இடங்களில் 93. ஒரு லீட்டர் போவதும், வயிற்றைத் திறந்து சத்திரசிகிச்சை செய்ய நேர்வதும், இரத்தப்போக்கால் இறப்பதும் சேர்த்து 4.3இலிருந்து 1.6ஆக இறங்கின. புது மருந்து ஒன்றும் இல்லை. எல்லாம் அலுமாரியில் ஏற்கெனவே இருந்தவை.

அந்தச் சிகிச்சைத் தொகுப்பில், உறைந்த இரத்தம் கரையாமல் காக்கிற மருந்தின் பெயர் டிரானெக்சாமிக் அமிலம். அதைக் கண்டவர் உடாகோ ஒகமோட்டோ என்ற ஜப்பானியப் பெண். போர் முடிந்த வறுமையில், அவரும் கணவரும் ஆராய என்ன பொருள் கிடைக்கும் என்று பார்த்து இரத்தத்தைத் தேர்ந்தார்களாம். தீர்ந்துபோனால் தங்கள் இரத்தத்தையே எடுத்துக்கொள்ளலாம் அல்லவா? பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல், கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு ஆய்வுக்கூடத்தில் உடாகோ வேலை செய்தார். பிள்ளைக்காம்பரா இல்லாத காலத்தில் நம் பெண்கள் மலையில் செய்தது எதுவோ அதுதான். 1962இல் அவரும் கணவர் ஷோசுகேயும் கண்டுபிடிப்பை வெளியிட்டார்கள். பிரசவத்தில் இரத்தம் போகிறவளுக்கு இது உதவும் என்று ஆரம்பத்திலேயே நினைத்தார். கோபே நகரத்து மகப்பேற்று வைத்தியர்கள் சோதித்துப் பார்க்க இணங்கவில்லை.

அரை நூற்றாண்டு போனது. 2010இல் விபத்தில் அடிபட்ட 20,211 பேரில் நடந்த சோதனை, அந்த மருந்து உயிர் காக்கிறது என்று காட்டியது. தாய்மாரிடமும் பெரிய சோதனை ஒன்று நடந்தது. 21 நாடுகள், 193 வைத்தியசாலைகள், 20,060 பெண்கள். 2017இல் முடிவு வந்தது: மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் இரத்தப்போக்கால் இறப்பது நூற்றுக்கு 1.7இலிருந்து 1.2ஆகக் குறைகிறது. மூன்று மணி தாண்டினால் பயனில்லை. கால் மணி நேரம் தாமதித்தால் பலனில் பத்திலொன்று போய்விடும் என்று அடுத்த வருடம் கணக்கிட்டார்கள். ஒகமோட்டோ 2016இலேயே 98 வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் முதலில் யாருக்காக நினைத்தாரோ அந்தத் தாய்மாரின் முடிவைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. இதய சத்திரசிகிச்சை தவிர்ந்த மற்றச் சத்திரசிகிச்சைகளிலும் அதே மருந்து பெரிய இரத்தப்போக்கை 11.7இலிருந்து 9.1ஆகக் குறைக்கிறது என்பது 2022இல் 9,535 நோயாளரில் தெரிந்தது. சத்திரசிகிச்சை அறைக்கும் பிரசவ அறைக்கும் ஒரே ஊசி.

டாக்காவின் சயீபா அக்தர் ஆணுறையைக் குழாயில் கட்டி, உப்புநீர் நிரப்பி, கருப்பைக்குள் வைத்து இரத்தத்தை நிறுத்தியதையும் இங்கே சொல்ல வேண்டும். 2003இல் அவர் எழுதியபோது 23 பெண்களும் பிழைத்திருந்தார்கள். பல ஏழை நாடுகள் அதைக் கையில் எடுத்தன. பின்னால் பெனினிலும் மாலியிலும் ஒப்பிட்டுச் சோதித்தபோது எதிர்பார்த்த பலன் தெரியவில்லை. நல்ல யோசனையையும் சோதித்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. ஜன்னி என்று நம்மவர்கள் பயந்த பிரசவ வலிப்புக்கும் இதே கதை. எண்பது வருடம் ஆளுக்கொரு மருந்து கொடுத்தார்கள். 1995இல் 1,687 பெண்களில் சோதித்த பிறகே, வயிறு கழிய நாம் குடிக்கிற எப்சம் உப்பின் மக்னீசியம் சல்பேட்டே மற்ற இரண்டு மருந்துகளையும்விட நல்லது என்று தெளிவானது. அதன் கதை நீளம். தனியாக ஒரு வாரம் வேண்டும்.

மறுபடி அம்மாயியின் கேள்விக்கே வருகிறேன், ஏனென்றால் இந்த ஆராய்ச்சி வரிசையும் சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நின்றது. இரத்தம் போகத் தொடங்கிய பிறகு கொடுக்கிற மருந்தை, சோகை உள்ளவர்களுக்கு முன்கூட்டியே கொடுத்துவிட்டால் பெரும்போக்கே வராமல் தடுக்கலாமே என்று கேட்டார்கள். பாகிஸ்தான், நைஜீரியா, தன்சானியா, சாம்பியாவில் 15,068 பெண்கள், எல்லோரும் சோகையால் வெளுத்தவர்கள். பிள்ளை பிறந்த கையோடு ஊசி. 2023இல் விடை வந்தது: மருந்து கொடுத்தவர்களில் பெரும்போக்கு நூற்றுக்கு 7.0, வெறும் உப்புநீர் கொடுத்தவர்களில் 6.6. தடுக்கவில்லை. அதே பெண்களைத் தொடர்ந்து பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. கடும் சோகை உள்ளவள் இறப்பதற்கோ சாவின் விளிம்புக்குப் போவதற்கோ உள்ள வாய்ப்பு, நடுத்தரச் சோகை உள்ளவளைவிட ஏழு மடங்கு. கணக்கப்பிள்ளை வீட்டம்மா பிழைத்ததும் என் சின்ன அம்மாயி பிழைக்காததும் அந்த ஏழு மடங்குக்குள் இருக்கிறது.

ஆகவே பிரசவ அறையின் ஊசி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், ஒன்பது மாதத்துக்கு முன்னாலேயே தொடங்குகிற வேலையை அதனால் செய்து முடிக்க முடியாது. தோட்டத்துப் பெண்ணின் சம்பளம், அவள் சட்டியில் கீரையும் கருவாடும் முட்டையும் எத்தனை நாள் விழுகிறது, காலில் சப்பாத்து இருக்கிறதா, லயத்துக்குப் பின்னால் கக்கூசில் தண்ணீர் வருகிறதா என்பதெல்லாம் மருத்துவ ஆராய்ச்சியின் தலைப்புகள். 2016இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில் தோட்டத்துச் சிறுபிள்ளைகளில் நூற்றுக்கு 32 பேர் வயதுக்கேற்ற உயரமில்லாமல் இருந்தார்கள். நாடு முழுதுக்கும் அது 17. அந்தப் பெண்பிள்ளைகள்தான் இன்னும் சில வருடத்தில் கிளினிக் வரிசையில் நிற்கப்போகிறவர்கள்.

போன மாதம் கிளினிக் நாளில் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தேன். மழை பெய்து நின்றிருந்தது. வாசலில் ரப்பர்ச் செருப்புகள் சேற்றோடு வரிசையாகக் கிடந்தன. மிஸ்ஸி ஒரு பெண்ணின் விரல் நுனியைத் துடைத்து, குத்தி, ஒரு துளி எடுத்தார். அந்தப் பெண்ணுக்கு இருபத்திரண்டு இருக்கும், இரண்டாவது பிள்ளை. துளி சில்லில் ஏறுகிற வரைக்கும் அவள் அதைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. மடுவத்தில் முள்ளைப் பார்க்கிற அதே பார்வை. மிஸ்ஸி எண்ணைக் கர்ப்பப் பதிவு அட்டையில் எழுதினார்.

"எவ்வளவு, மிஸ்?"

"ஒன்பது புள்ளி எட்டு."

"போன தரம்?"

மிஸ்ஸி அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "ஒன்பது புள்ளி ஒண்ணு."

அவள் அட்டையைப் பொலித்தீன் பையில் போட்டு இரண்டு முறை சுற்றி, ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு, செருப்பைத் தேடி எடுத்து மாட்டினாள்.

(அடுத்த வாரம்: எப்சம் உப்பும் பிரசவ வலிப்பும்)